அண்டாவா? மெஷினா? வீட்டிலேயே பீர் காய்ச்சும் அமெரிக்கர்கள் தவிப்பு!

அமெரிக்காவில் ஒரு காலத்தில் வீட்டில் பீர் காய்ச்சினால் குற்றம்! இப்போது அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு!

போலீசுக்குப் பயந்த காலம் போய்விட்டது. "எந்தக் கருவி வாங்குவது?" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது.

கடைக்குப் போனால், 40 டாலருக்கு ஒரு துணிப் பை தொங்குகிறது. பக்கத்தில், பல ஆயிரம் டாலர் விலையில் பளபளவென்று 3 அண்டாக்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில், பட்டனை அமுக்கினால் தானே வேலை செய்யும் மின்சார மெஷின்!

எதை வாங்கினால் பீர் நன்றாக இருக்கும்?

பல வருஷம் காய்ச்சியவர்கள் சொல்லும் பதில் ஆச்சரியமானது. மூன்றிலும் வருவது ஒரே பீர்தான்!

அப்படியானால் பணம் எதற்குப் போகிறது? ஆபத்து எங்கே இருக்கிறது? இதோ விவரம்:

45 வருஷம் குற்றவாளிகள்

அமெரிக்காவில் 1920-ம் ஆண்டு ஜனவரியில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1933 டிசம்பரில் ரத்து ஆனது.

அதன் பிறகு வீட்டில் ஒயின் செய்து குடிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் பீருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை! விட்டுப்போனது போனதுதான். வீட்டில் பீர் காய்ச்சியவர்கள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள்.

செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தம்தான் இதை மாற்றியது. 1978-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். 1979 பிப்ரவரியில் சட்டம் அமலுக்கு வந்தது.

வீட்டில் வயது வந்தவர் ஒருவர் இருந்தால் வருஷத்துக்கு 100 காலன். இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். அதாவது 757 லிட்டர். விற்கக் கூடாது!

மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. 2013-ல் அலபாமாவும் மிசிசிப்பியும் அனுமதித்த பிறகுதான் 50 மாநிலங்களிலும் இது சட்டப்படி சரி என்று ஆனது.

இங்கிலாந்து இதில் முந்திக்கொண்டது. அங்கே 1963-லேயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று நிதி மந்திரி மாட்லிங் அறிவித்துவிட்டார்.

பாகா? பார்லியா?

வீட்டில் பீர் காய்ச்ச இரண்டு வழி உண்டு.

ஒன்று, கடையில் டப்பாவில் விற்கும் மால்ட் பாகை வாங்கித் தண்ணீரில் கரைப்பது. இது ரெடிமேட் இட்லி மாவு வாங்குவது மாதிரி. வேலை சுலபம்.

இன்னொன்று, பார்லியில் இருந்தே தொடங்குவது. இதற்கு 'முழுத் தானிய முறை' என்று பெயர். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு வீட்டிலேயே அரைப்பது மாதிரி. வேலை அதிகம். ஆனால் செலவு குறைவு. ருசி நம் கையில்!

ரகசியம் 67 டிகிரி

பார்லியை முளை கட்டி, காயவைத்து, சூடு காட்டி எடுத்தால் அதுதான் மால்ட். கேழ்வரகை முளை கட்டிக் காயவைக்கிறோம் அல்லவா? அதே கதைதான்.

இதைக் கொரகொரப்பாக உடைத்து வெந்நீரில் போட வேண்டும். வெந்நீர் என்றால் கொதிக்கிற நீர் அல்ல. 65 முதல் 68 டிகிரி சென்டிகிரேடு சூடு. ஒரு மணி நேரம் அந்தச் சூடு அப்படியே நிற்க வேண்டும்.

ஏன் தெரியுமா?

முளைத்த தானியத்தில் என்சைம் என்ற பொருள் இருக்கிறது. அதுதான் மாவுச் சத்தை வெட்டிச் சர்க்கரை ஆக்குகிறது. சூடு ரொம்பக் குறைந்தால் அது சோம்பேறி ஆகிவிடும். சூடு ஏறினால் செத்துவிடும்! 77 டிகிரியைத் தாண்டினால் அநேகமாகக் கதை முடிந்தது.

பிறகு தானியத்தை வடிகட்ட வேண்டும். காப்பி பில்டரில் டிக்காஷன் இறக்குவது போலத்தான். இறங்குவது இனிப்புத் தண்ணீர். அதை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போடுவார்கள். ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து, மூடி வைத்துவிடுவார்கள்.

ஊறவைக்க ஓர் இடம். வடிகட்ட ஓர் இடம். கொதிக்கவைக்க ஓர் இடம். வேண்டியது அவ்வளவுதான்! இந்த மூன்று வேலையை எத்தனை பாத்திரத்தில் செய்வது என்பதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம்.

கடைக்கு வந்த கிளார்க்

ஒரு ஆபீஸ் கிளார்க் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியில் வாடகை வீடு. மனைவி, தவழும் குழந்தை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் பையில் இருக்கிறது. கண் முழுக்க அந்தப் பளபள அண்டாக்கள் மேல்தான்.

கெட்ட கடைக்காரராக இருந்தால் உடனே பில் போட்டுவிடுவார்.

நல்ல கடைக்காரர் என்ன செய்வார்? 4 கேள்வி கேட்பார்.

"சார், உங்க வீட்டுல கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா?"

"எத்தனை கிலோ உங்களால தூக்க முடியும்?"

"காய்ச்சுற இடத்துல குழந்தை வருமா?"

"பீரைப் புளிக்க வைக்க எந்த இடம் வெச்சிருக்கீங்க?"

இந்த நாலுக்கும் பதில் கிடைத்தால் கருவி தானாக முடிவாகிவிடும்!

முதல் வகை: ஒரு பை, ஒரு அண்டா

இருப்பதிலேயே மலிவு இதுதான். ஆஸ்திரேலியக்காரர்கள் பரப்பிய முறை.

பெரிய அண்டாவில் வெந்நீர். அதற்குள் சல்லடைத் துணிப் பை. பைக்குள் உடைத்த மால்ட். ஒரு மணி நேரம் ஆனதும் பையைத் தூக்கி வடியவிட வேண்டும். அதே அண்டாவை அப்படியே கொதிக்கவைக்க வேண்டும்.

வழக்கமாகக் காய்ச்சுவது 5 காலன், அதாவது 19 லிட்டர். இதற்கு 5 கிலோ மால்ட், ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீர் தேவை. தானியமும் சேர்ந்தால் மட்டம் 33 லிட்டருக்கு ஏறும். ஆகவே 38 லிட்டர் அண்டா இல்லாமல் முடியாது. சின்ன அண்டாவை வாங்கிவிட்டு அப்புறம் அழுகிறவர்கள் நிறையப் பேர்!

கஷ்டம் என்ன? நனைந்த பை 10 கிலோவுக்கு மேல் கனக்கும். தொட்டால் சுடும். அதனால் கப்பி போட்டு, கயிறு கட்டித் தூக்குகிறவர்கள் உண்டு.

இரண்டாம் வகை: ஐஸ் பெட்டி

ஐஸ்கிரீம்காரர் வைத்திருப்பது போன்ற, சூடு போகாத பிளாஸ்டிக் பெட்டி. குளிரை வெளியே விடாத பெட்டி, சூட்டையும் வெளியே விடாது அல்லவா?

அதற்குள் சல்லடைக் குழாய் வைத்து, மால்ட்டும் வெந்நீரும் ஊற்றி மூடிவிட்டால் ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும். அடுப்பே வேண்டாம்! பிறகு குழாயைத் திறந்து இனிப்புத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பையைத் தூக்கும் வேலை இல்லை. ஆனால் பாத்திரம் இரண்டு. வைக்கவும் கழுவவும் இடம் வேண்டும்.

மூன்றாம் வகை: 3 அண்டா

வெந்நீருக்கு ஒன்று. ஊறவைக்க ஒன்று. கொதிக்க ஒன்று. இடையில் பம்ப், குழாய், அளவு காட்டும் கருவி. சின்ன பீர் பாக்டரி மாதிரி இருக்கும்.

ஒரே நேரத்தில் 40, 60 லிட்டர் காய்ச்சுகிறவர்களுக்கு இது சரி. பெரிய கொட்டகை உள்ளவர்களுக்குச் சரி. மாடி வீட்டுக்காரருக்கு? கட்டில் போட்ட இடத்தில் அண்டாவைத்தான் வைக்க வேண்டும்!

நாலாம் வகை: மின்சார மெஷின்

இப்போது இதற்குத்தான் மவுசு. ஜெர்மனியின் 'பிரௌமைஸ்டர்', நியூசிலாந்தில் இருந்து வந்த 'கிரெயின்பாதர்' போன்றவை இந்த வகை.

ஒரே உருளை. உள்ளே ஒரு கூடை. அடியில் ஹீட்டர். பம்ப் இனிப்புத் தண்ணீரை மேலே ஏற்றி மறுபடி தானியத்தின் மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். 67 டிகிரி என்று குறித்துவிட்டால் 67-லேயே நிற்கும்!

கேஸ் வேண்டாம். இடம் குறைவு. சூட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கவும் வேண்டாம்.

குறை இல்லையா? உண்டு. மாவுத் துகள் பம்ப்பில் போய் அடைத்துக்கொள்ளும். அடி பிடித்தால் பீர் முழுக்கத் தீய்ந்த வாடை அடிக்கும். கூடையை எப்படியும் கையால்தான் தூக்க வேண்டும்.

சுவரில் இருக்கிறது விஷயம்!

மெஷின் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல. வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கை!

அமெரிக்க வீட்டின் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட். அதில் ஓடும் மெஷினுக்கு 1,500 வாட் அளவுதான் சக்தி. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 230, 240 வோல்ட் வருகிறது. அங்கே 2,400 வாட் மெஷின் சர்வ சாதாரணம்.

இதில் என்ன வந்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

30 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியில் இருந்து 67 டிகிரிக்கு ஏற்ற, 1,500 வாட்டில் 65 நிமிஷம் ஆகும். 2,400 வாட்டில் 41 நிமிஷம்.

அப்புறம் 27 லிட்டரை 67-ல் இருந்து கொதிநிலைக்கு ஏற்ற வேண்டும். 1,500 வாட்டில் இன்னும் 41 நிமிஷம். 2,400 வாட்டில் 26 நிமிஷம்.

பாத்திரத்தில் இருந்து காற்றில் போகும் சூட்டைச் சேர்த்தால் இன்னும் கூடும். ஆக, சூடேற்றுவதற்காக மட்டும் 2 மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும்!

பொறுமை இல்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 240 வோல்ட் லைன் இழுக்கிறார்கள். அந்தச் செலவு மெஷின் விலையில் சேராது. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் அனுமதியும் வேண்டும்.

இன்னொரு விஷயம். ஒரு மணி நேரக் கொதிப்பில் 3 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். ஜன்னல் திறக்காத அறையில் அது சுவரில் வேர்த்துப் பூஞ்சைக் காளான் பிடிக்கும்.

2 டாலருக்காக 2 ஆயிரம் டாலர்!

விலை கூடின கருவிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "இதில் சர்க்கரை அதிகமாக இறங்கும். தானியம் மிச்சம்!"

உண்மைதான். ஆனால் எவ்வளவு மிச்சம்?

சாதாரணப் பையில் 100-க்கு 70 பங்கு சத்து இறங்குகிறது. நல்ல கருவியில் 80 பங்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோ போட வேண்டிய இடத்தில் 4 கிலோ 400 கிராம் போதும். மிச்சம் 600 கிராம். கிலோ 3 டாலர் என்றாலும் லாபம் 2 டாலர் கூட இல்லை!

அந்த 2 டாலருக்காகக் கூடுதலாக 2 ஆயிரம் டாலர் போட்டால், ஆயிரம் தடவை காய்ச்சினால்தான் முதல் திரும்பும். சட்டப்படி 757 லிட்டர் என்றால் வருஷத்துக்கு 39 தடவைதான் காய்ச்சலாம்.

ஆக, போட்ட பணம் திரும்பி வர 25 வருஷத்துக்கு மேல் ஆகும்!

கம்பெனி மூடினால்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'பிக்கோபுரூ' என்ற கம்பெனி 2010-ல் தொடங்கியது. மேஜை மேல் வைக்கும் தானியங்கி பீர் மெஷின் செய்தது. 2013-ல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி முதல் மெஷினைக் கொண்டுவந்தது. ஒரே பரபரப்பு!

மெஷின் இன்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு பேசும். செய்முறை அங்கிருந்து வரும். பிறகு வந்த சின்ன மெஷினுக்குத் தானியப் பொட்டலமும் கம்பெனிதான் விற்றது.

2020-ல் கம்பெனி நொடித்துப்போனது. வாங்கியவர்கள் தலையில் கை வைத்தார்கள். விஷயம் தெரிந்த சிலர் கம்பெனிக் கம்ப்யூட்டருக்குப் பதிலாகத் தாங்களே மாற்று ஏற்பாடு செய்து மெஷினை ஓட்டினார்கள். எல்லோராலும் அது முடியுமா?

அண்டாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. விற்ற கடை மூடினாலும் அண்டா கொதிக்கும்!

ஜாக்கிரதை! ஜாக்கிரதை!

இனிப்புத் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது பால் பொங்குவது போல் நுரைத்துப் பொங்கும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அடுப்பெல்லாம் வழியும். சர்க்கரை கலந்த கொதிநீர் அது. மேலே பட்டால் தோல் உரிந்துவிடும்.

27 லிட்டர் கொதிநீர் உள்ள அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடப்பது தற்கொலைக்குச் சமம். அடியில் குழாய் வைத்த அண்டாதான் வாங்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

பெரிய கேஸ் பர்னர் வெட்டவெளிக்கு மட்டும்தான். கார் ஷெட்டின் கதவை மூடிக்கொண்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறம் இல்லை. வாடை இல்லை. மயக்கம் வந்து சாய்ந்த பிறகு எழுந்திருக்க முடியாது!

மின்சார மெஷின் என்றால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டக் கூடாது. ஒயர் உருகித் தீப்பிடிக்கும். ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை என்பதால், கரண்ட் கசிந்தால் தானே நின்றுவிடும் சுவிட்ச் கட்டாயம்.

பீரைப் புளிக்க வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடியும் ஆபத்துதான். ஈரக் கையில் வழுக்கி உடைந்தால் கை நரம்பு அறுந்துபோகும். பிளாஸ்டிக் வாளி போதும்.

நாய் வளர்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை! பயன்படுத்திய ஹாப்ஸ் பூவைக் குப்பையில் திறந்து போட்டால் நாய் தின்றுவிடும். அதற்குக் காய்ச்சல் போல் உடம்புச் சூடு ஏறி, உயிரே போய்விடலாம்.

நிஜமான மெஷின் ஈஸ்ட்தான்!

இவ்வளவும் செய்து காய்ச்சினாலும் அது இன்னும் பீர் ஆகவில்லை. வெறும் இனிப்புக் கஷாயம்தான்! அதை பீர் ஆக்குவது ஈஸ்ட்.

வெயில் காலத்தில் இட்லி மாவு வைத்த பாத்திரம் ராத்திரியே பொங்கி வழிகிறது. மார்கழியில் விடிந்தாலும் புளிப்பதில்லை. மாவு ஒன்றுதான். கல்லும் ஒன்றுதான். வித்தியாசம் சூட்டில்!

பீருக்கும் அதே நியாயம். சாதாரண 'ஏல்' வகை ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். 'லாகர்' வகைக்கு 10 டிகிரி அளவு. புளிக்கும்போது ஈஸ்ட் தானே சூடு கிளப்பும் என்பதால், அறையைவிட வாளிக்குள் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். சூடு ஏறிவிட்டால் நெஞ்சைச் சுடும் சாராய நெடி வந்துவிடும். எந்த மெஷினில் காய்ச்சியிருந்தாலும் அதை மாற்ற முடியாது!

பரிகாரம் என்ன? ஒரு பழைய பிரிட்ஜ். அதற்கு ஒரு தெர்மோஸ்டாட். அவ்வளவுதான். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு நார்வே நாட்டுப் பண்ணை ஈஸ்ட் இருக்கிறது. 'க்வெய்க்' என்று பெயர். 30 டிகிரிக்கு மேலும் ருசி கெடாமல் புளிக்கவைக்கும்.

சுத்தமும் முக்கியம். கொதித்து முடித்த பிறகு தொடும் கரண்டி, குழாய், வாளி எல்லாவற்றையும் கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். ஒரு அழுக்குக் கரண்டி போதும், 19 லிட்டரும் சாக்கடைக்குத்தான்.

வெடிக்கும் பாட்டில்!

அவசரக்காரர்கள் செய்யும் பெரிய தப்பு, புளித்து முடியும் முன்பே பாட்டிலில் அடைப்பது. மிச்சச் சர்க்கரை உள்ளே புளித்து, வாயு ஏறி, பாட்டில் வெடிகுண்டு போல் வெடிக்கும்!

பாலில் தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்க லாக்டோமீட்டர் விடுவார்கள் அல்லவா? அதே மாதிரி ஒரு கண்ணாடிக் குழாய் பீருக்கும் உண்டு. தொடங்கும்போது 1.050 காட்டினால், முடியும்போது 1.010 காட்டும். அப்படியென்றால் சாராயம் சுமார் 5 சதவீதம். 2, 3 நாள் விட்டுப் பார்த்தாலும் எண் மாறக் கூடாது. அப்புறம்தான் 19 லிட்டருக்கு 110, 120 கிராம் சர்க்கரையை அளந்து போட்டு பாட்டிலில் அடைக்கலாம்.

இந்தக் கண்ணாடிக் குழாயின் விலை அண்டா விலையில் ஒரு சிறு பங்குதான். வாங்காமல் விடுகிறவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்!

யாருக்கு எது?

மாடி வீடு, சின்ன அடுப்பு என்றால்: 20 லிட்டர் பாத்திரம், ஒரு பை. 19 லிட்டருக்குப் பதில் பாதி அளவு காய்ச்சலாம். பை கனம் பாதி. சமையல் அடுப்பே போதும்.

தோட்டம், வெட்டவெளி உண்டு என்றால்: ஐஸ் பெட்டி, அண்டா, கேஸ் பர்னர்.

இடுப்பு வலி, முதுகு வலி என்றால்: குழாய் வைத்த ஐஸ் பெட்டி. பையும் வேண்டாம், கூடையும் வேண்டாம்.

கையில் பணம் உண்டு, நேரம்தான் இல்லை என்றால்: மின்சார மெஷின். ஆனால் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

கூட்டாளிகளோடு சேர்ந்து நிறையக் காய்ச்சுகிறவர்கள் என்றால்: 3 அண்டா. அதுவும் ஒரு வருஷமாவது பையில் காய்ச்சிப் பழகிய பிறகு!

பால் பண்ணைச் சாமானில் பெரிய கம்பெனி

பளபளப்பில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு.

கலிபோர்னியாவில் சிக்கோ என்ற ஊர். அங்கே கென் கிராஸ்மன் என்ற இளைஞர் 1976-ல் வீட்டு பீர்ச் சாமான் கடை போட்டார். பிறகு தானே பீர் கம்பெனி தொடங்க ஆசைப்பட்டார். புது மெஷின் வாங்கப் பணம் இல்லை. பால் பண்ணைகளில் கழித்துப் போட்ட பழைய தொட்டிகளை வாங்கி, தன் கையாலேயே வெல்டிங் செய்து, 1980-ல் முதல் பீரைக் காய்ச்சினார்.

அதுதான் 'சியாரா நெவாடா'. இன்று அமெரிக்காவின் பெரிய பீர் கம்பெனிகளில் ஒன்று!

நம் ஊரில் கூடாது!

இதைப் படித்துவிட்டு இங்கே யாராவது அண்டாவைத் தேடப் போகிறார்களா? வேண்டாம்!

தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. டாஸ்மாக் கடையில் பாட்டில் விற்றாலும், வீட்டில் ஊறல் போட்டால் குற்றம்தான். பீர் ஊறல், கள்ளச்சாராய ஊறல் என்று சட்டம் பிரித்துப் பார்க்காது.

அமெரிக்காவிலும் ஓர் எல்லை உண்டு. புளித்த பீர் வரைக்கும்தான் அனுமதி. லைசென்ஸ் இல்லாமல் அதை வாலையில் வடித்துச் சாராயம் எடுத்தால் அங்கேயும் மத்திய சட்டப்படி ஜெயில்தான்!

நம் கிளார்க் என்ன வாங்கினார்?

கடைக்காரரின் 4 கேள்விக்கும் நம் கிளார்க் பதில் சொல்லி முடித்தார். "கரண்ட் அடுப்பு. சின்னது. 10 கிலோவுக்கு மேல தூக்கினா இடுப்பு பிடிக்குது. குழந்தை சமையல்கட்டுக்குத் தவழ்ந்து வரும். புளிக்க வைக்க இடம்... அதை யோசிக்கவே இல்லைங்க!"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பில் போடுகிறார். 20 லிட்டர் பாத்திரம் ஒன்று. பை ஒன்று. வெப்பமானி ஒன்று. கண்ணாடிக் குழாய் ஒன்று. தெர்மோஸ்டாட் ஒன்று. பழைய பிரிட்ஜை வேறு இடத்தில் மலிவாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

"அப்புறம் சார், குழந்தை தூங்கின பிறகு அடுப்பைப் பத்த வையுங்க. இதுக்கு நான் காசு வாங்கறதில்லை!"

கிளார்க் வாசல் வரை போய்த் திரும்பிப் பார்க்கிறார். பளபள அண்டாக்கள் மூன்றும் அங்கேயே நிற்கின்றன.

பையில் பாதிப் பணம் மிச்சம் இருக்கிறது!